தேயாத கல்லை நம்பாதீர்கள்

காரைக்குடியிலிருந்து தச்சுவேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புதுசாக பெஞ்ச் கிரைண்டர் வாங்கினேன். உளியைத் தீட்டினால் முனையில் நீலம் பாய்கிறது. அப்புறம் கூர் நிற்பதே இல்லை. கடையில், 'இன்னும் கெட்டியான கல்லாப் போடுங்க, ஆயுசுக்கும் தேயாது' என்கிறார்கள். போடலாமா?"

போடாதீர்கள். உங்கள் உளிக்கு வேண்டியது இப்போது இருப்பதைவிட மிருதுவான கல்.

முள்ளை முள்ளால் எடுத்துப் பழகியவர்களுக்கு இது குதர்க்கமாகத்தான் படும். குழப்பமெல்லாம் 'கெட்டி' என்ற சொல்லில். சாணைக்கல்லில் வெட்டுவது குருணை. அதைப் பிடித்து வைத்திருப்பது சூளையில் வெந்து கண்ணாடியாகிப்போன மண். குருணை பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. பதமேற்றிய எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடினமானது. கல்லில் ஒட்டியிருக்கும் தாளில் 'ஏ 60 பி 5 வி' என்பதுபோல ஒரு குறி இருக்கும். 60 என்பது குருணையின் பருமன். அடுத்து வரும் எழுத்துதான் கல்லின் கெட்டித்தனம். ஏ என்றால் மிகவும் மிருது, இசட் என்றால் மிகவும் கெட்டி. அந்த எழுத்து குருணையைப் பற்றியதே அல்ல. மண் எவ்வளவு விடாப்பிடியாகப் பிடித்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கூரான குருணை எஃகைச் சீவுகிறது. சீவிச் சீவி மழுங்குகிறது. மழுங்கியதும் சீவாமல் உரசுகிறது. அதன்மேல் விழும் விசை ஏறுகிறது. ஒரு கட்டத்தில் ஒன்று குருணை உடைந்து புது விளிம்பு காட்டும், இல்லையேல் பிடி விட்டு உதிரும். உதிர்ந்த இடத்தில் அடியிலிருக்கும் கூரான குருணை எட்டிப் பார்க்கும்.

அம்மி வழவழத்துப்போனால் கொத்துவதற்கு ஆள் வருவார் அல்லவா? சாணைக்கல்லில் அந்த ஆள் உள்ளேயே குடியிருக்கிறார். எங்கே வழவழப்பு தெரிகிறதோ அங்கே கொத்திவிடுகிறார். கூலியாகக் கல்லிலேயே கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார். அம்மிக்கும் இதே ஏற்பாடு வேண்டும் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம், சட்னியில் கடிபடும்.

மிருதுவான இரும்பில் குருணை சீக்கிரம் மழுங்காது. அதனால் கெட்டியாகப் பிடிக்கும் கல் போதும். பதமேற்றிய உளியில் சட்டென்று மழுங்கிவிடும். அதைச் சட்டென்று விட்டுவிடும் கல் வேண்டும். கெட்டிக் கல் விடாது. மழுங்கிய குருணைகளைக் கட்டிக்கொண்டு கண்ணாடிபோலப் பளபளக்கும். சீவ வேண்டிய வேலை சூடாக மாறும். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் எஃகில் நீலம் பாயும். கார்பன் எஃகு உளியின் பதம் அதோடு இறங்கிவிடும். "ஆறு மாசமாச்சு, கல் தேயவே இல்லை" என்று பெருமைப்படுபவர், கொத்துகிறவர் ஆறு மாதமாக வேலைக்கு வரவில்லை என்றுதான் சொல்கிறார்.

இன்னொரு வேடிக்கை. நிமிடத்துக்கு 2,850 சுற்றில் ஓடும் 200 மில்லிமீட்டர் கல்லின் விளிம்பு நொடிக்குச் சுமார் 30 மீட்டர் போகிறது. 150-க்குத் தேய்ந்தால் 22 மீட்டர்தான். வேகம் குறையக் குறைய ஒவ்வொரு குருணையும் பெரிய வாயாகக் கடிக்கிறது. அதனால் சீக்கிரம் உதிர்கிறது. அதே கல், வயதானால் மிருதுவாகிவிடுகிறது.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். கிடைத்தது சிலிக்கன் கார்பைடு, சாணைக்கல்லின் இன்னொரு வகைக் குருணை. அதற்கு அவர் வைத்த பெயர் கார்போரண்டம். பெயரின் பின்பாதி கொரண்டத்திலிருந்து வந்தது. கொரண்டமோ நம் குருந்தக்கல்லின் பெயரிலிருந்து போனது. மார்தட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை, சொல் தானாகவே பயணம் போயிருக்கிறது.

'வைரக் கல், எந்த உலோகத்தையும் வெட்டும்' என்று இப்போது காணொளிகளில் கூவுகிறார்கள். வைரம் என்பது கார்பன். சூடேறிய இரும்பு கார்பனைக் கரைத்துக்கொள்ளும். அதை உளியில் வேகமாகத் தேய்ப்பது இரும்புக்கு வைரத்தைத் தின்னக் கொடுப்பதுதான். கார்பைடு முனைகளுக்கு அது அருமையான கல், உங்களுக்கு அல்ல.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது 60 பருமனில் ஜே அல்லது கே எழுத்துள்ள வெள்ளைக் கல். மாட்டுமுன் பானை வாங்கும்போது தட்டுவதுபோல, மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. பொத்தென்றால் உள்ளே விரிசல் அதிர்வை விழுங்குகிறது, திருப்பிக் கொடுங்கள். தாளில் அச்சிட்ட சுற்று வேகம் உங்கள் மோட்டாரின் வேகத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு மடங்கு வேகத்தில் கல்லைப் பிய்க்கும் விசை நான்கு மடங்கு. நடுவில் ஒட்டிய காகிதத்தை உரிக்காதீர்கள், இரும்புத் தட்டின் அழுத்தத்தைச் சமமாகப் பரப்புவது அதுதான். இடப்பக்க நட்டுக்கு மரை தலைகீழ். சுழற்சியில் கழன்றுவிடாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். மூடியைப் போட்டு, ஒரு நிமிடம் ஒதுங்கி நின்று ஓடவிடுங்கள்.

பிறகு காலடியில் வெள்ளைப் பொடி கொட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது அந்தப் பொடியைத்தான்.