பகடை உருண்டதை யார் பார்த்தது?

வீடியோ அழைப்பில் ஐந்து முகங்கள். ஐந்து பேரும் ஐந்து ஊரில் இருக்கிறார்கள். கதைப்படி எல்லாரும் ஒரு பாழடைந்த கோட்டையின் நிலவறையில் நிற்கிறார்கள். எதிரே பூட்டிய கதவு. ஒருவர் கேமராவில் தெரியாதபடி மேசையில் பகடையை உருட்டுகிறார். சத்தம் மட்டும் கேட்கிறது. “பதினேழு!” என்கிறார். கதவு உடைந்தது. அடுத்த முறை “பதினெட்டு!” பூதம் சாய்ந்தது. மூன்றாவது முறையும் அதே ஆள் “பத்தொன்பது!” என்றதும் ஒரு குரல் சிரித்துக்கொண்டே வருகிறது: “பகடையைக் கொஞ்சம் கேமராவில் காட்டுப்பா.”

தாயம் ஆடிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் பொருள் புரியும். ‘அழுகுணி ஆட்டம் ஆடுகிறாயா?’ என்பதை நட்பு கெடாமல் கேட்கும் வழி அது. ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஆடும்போது இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. கட்டை உருண்டதை எல்லார் கண்ணும் பார்த்திருக்கும். ஆட்டம் திரைக்கு மாறியபோது கணினி முதலில் செய்ய வேண்டியிருந்த வேலை, காணாமல்போன அந்தச் சாட்சியைத் திரும்பக் கொண்டுவருவதுதான்.

பேச்சால் ஆடும் ஆட்டம்

1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிறு ஊரிலிருந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். இதில் காய் நகர்த்தி ஜெயிப்பது என்று எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரம் ஆகிறார்கள். “நான் கதவை உதைக்கிறேன்” என்று வாயால் சொல்கிறார்கள். கேம் மாஸ்டர் என்பவர் கதை உலகத்தை நடத்துகிறார். கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையோடு நடுவர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கதவு உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் இதில் உண்டு. அதிகம் உருள்வது 20 முகப் பகடை. கதவுக்கு இலக்கு 15 என்றும், உதைப்பவரின் பலத்துக்குக் கூடுதல் 3 என்றும் வைத்துக்கொண்டால், பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20-இல் 9 வாய்ப்பு. அதாவது 45 சதவீதம்.

இந்த மேசையைத் திரைக்குள் கொண்டுவரும் மென்பொருள்கள் இருபது ஆண்டுகளாக உண்டு. ஃபேண்டசி கிரவுண்ட்ஸ் 2004-இலும், ரோல்20 2012-இலும், ஃபவுண்ட்ரி 2020-இலும் வந்தன. வரைபடம், பகடை, கதாபாத்திரக் குறிப்பு எல்லாம் ஒரே திரையில் இருக்கும். பொத்தானை அழுத்தினால் எண் வரும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது?

உருளாத பகடை

கணினிக்குக் குலுக்கத் தெரியாது. கொடுத்த கணக்கை அப்படியே போடுவதுதான் அதன் இயல்பு. அதனால் குலுக்கியதுபோலத் தோன்றும் எண் வரிசையை அது கணக்குப் போட்டே உண்டாக்குகிறது. ‘விதை’ என்று ஓர் எண்ணை முதலில் கொடுத்தால், அதைப் புரட்டி அடுத்த எண், அதைப் புரட்டி அதற்கடுத்தது என்று வரிசை நீளும். அதே விதையைப் போட்டால் அதே வரிசைதான் முளைக்கும்.

ஃபவுண்ட்ரி பயன்படுத்தும் முறைக்கு மெர்சென் ட்விஸ்டர் என்று பெயர். ஜப்பானைச் சேர்ந்த மகோட்டோ மட்சுமோட்டோ, டகுஜி நிஷிமுரா இருவரும் 1997-இல் வடிவமைத்தது. இதன் வரிசை முதலிலிருந்து மறுபடி தொடங்க 2-இன் 19,937-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான தடவை எண் எடுக்க வேண்டும். அந்த எண்ணை எழுதவே 6,002 இலக்கங்கள் தேவை. எந்தப் பூதமும் அவ்வளவு நாள் சண்டை போடாது.

எல்லா முறைகளும் இவ்வளவு நல்லவை இல்லை. 1960-களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாக இருந்த ‘ராண்டு’ என்ற முறையில், அடுத்தடுத்த மூன்று எண்களை நீளம், அகலம், உயரமாக வைத்துப் புள்ளி குத்தினால், பெட்டி முழுக்கச் சிதற வேண்டிய புள்ளிகள் 15 தட்டையான தளங்களில் வரிசை கட்டி நின்றன. தனித்தனியாகப் பார்த்தால் நல்ல எண்கள். சேர்த்துப் பார்த்தால் சாயம் வெளுத்தது.

எண் நன்றாக இருந்தாலும் அதைப் பகடையாக மாற்றும் இடத்தில் வழுக்கி விழலாம். கணினியின் ஒரு பைட்டில் 256 விதமான மதிப்புகள் இருக்கலாம். அதை 20 முகங்களுக்குப் பங்கிட வேண்டும். 256 புளியங்கொட்டைகளை 20 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 12 போக 16 மிஞ்சும். மிஞ்சியதை வரிசையாகக் கொடுத்தால் முதல் 16 பேருக்கு 13, கடைசி நால்வருக்கு 12. அந்தக் கடைசி நால்வர் யார்? 17, 18, 19, 20. எல்லாரும் காத்திருக்கும் எண்களுக்குத்தான் வாய்ப்பு குறைகிறது. இதற்கு வைத்தியம் எளிது. மிஞ்சும் 16 மதிப்புகளில் ஒன்று வந்தால் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். பகடை புத்தகத்தின்மேல் சாய்ந்து நின்றால் “செல்லாது, மறுபடி போடு” என்கிறோமே, அதே விதிதான்.

மேசையில் உருளும் பகடை மட்டும் யோக்கியமா? 1894-இல் இங்கிலாந்தின் உயிரியலாளர் வெல்டன் 12 பகடைகள் கொண்ட தொகுதியை 26,306 முறை போட்ட கணக்கைப் பதிவு செய்தார். 5 அல்லது 6 விழும் விகிதம் 33.33 சதவீதம் இருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது 33.77. புள்ளிகளைக் குடைந்து எடுத்த பகடையில், அதிகப் புள்ளி உள்ள முகம் சற்றே லேசாகி மேல்பக்கம் வர முனையும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். இவ்வளவு சின்ன வேறுபாடு தற்செயலா, கோளாறா என்று முடிவு செய்ய ஓர் அளவுகோலை 1900-இல் கார்ல் பியர்சன் உருவாக்கினார். இன்று கல்லூரியில் படிக்கும் கை-வர்க்கச் சோதனை அதுதான். அந்தக் கட்டுரையில் அவர் சோதித்துக் காட்டிய தரவுகளில் வெல்டனின் பகடைகளும் இருந்தன. கணினிப் பகடையைச் சோதிக்கவும் இதே சோதனை உதவுகிறது.

ஆனாலும் “இந்த சாஃப்ட்வேர் என்னைப் பழிவாங்குகிறது” என்று புலம்பாத ஆட்டக்காரர் அரிது. நேர்மையான 20 முகப் பகடையை 20 முறை போட்டும் ஒரு 20-கூட விழாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 36 சதவீதம். மூன்று இரவில் ஓர் இரவு அப்படித்தான் இருக்கும். கையில் இருக்கும் பகடை ஏமாற்றினால் அதை மாற்றிப் பார்க்கலாம், ஊதிப் பார்க்கலாம். பொத்தான் ஏமாற்றினால் சந்தேகம்தான் மிஞ்சும்.

அதனால்தான் பல கருவிகள் திரையில் முப்பரிமாணப் பகடையை உருட்டிக் காட்டுகின்றன. எண் முன்பே முடிவாகிவிட்டது. அந்த எண்ணில் வந்து நிற்கும்படி பகடை நடிக்கிறது. கண்ணுக்காக நடக்கும் சடங்கு இது, புதிதும் அல்ல. ஜெர்மனியின் ஃப்ரொய்ட்ஸ்ஹைமில் 1985-இல் கி.பி. நான்காம் நூற்றாண்டின் ரோமானியப் பகடைக் கோபுரம் ஒன்று கிடைத்தது. மேலே போட்ட பகடை உள்ளே படிகளில் மோதி உருண்டு கீழே வெளியே வரும்; கைச்சித்து எதுவும் பலிக்காது. கவலையின்றி ஆடுங்கள் என்ற பொருளில் அதில் எழுத்தும் பொறித்திருக்கிறார்கள்.

தொலைபேசியில் பூவா தலையா

கோபுரத்தை நம்பலாம், அது எல்லார் முன்னாலும் நிற்கிறது. எங்கோ இருக்கும் சர்வரை எப்படி நம்புவது? அமெரிக்கக் கணினி அறிவியலாளர் மானுவல் பிளம் 1981-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த முடிச்சை அவிழ்த்தது. விவாகரத்தான இருவர், கார் யாருக்கு என்று தொலைபேசியிலேயே நாணயம் சுண்டி முடிவு செய்ய வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பவில்லை, நடுவரும் இல்லை. முடியுமா? முடியும் என்று காட்டினார் அவர்.

அந்த வழியை நம் பகடைக்குப் பொருத்தினால் இப்படி வரும். ஆட்டக்காரரும் கேம் மாஸ்டரும் ஆளுக்கு ஓர் எண்ணை 1 முதல் 20-க்குள் மனதில் நினைக்கிறார்கள். அதைக் கணித உறையில் போட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். உறையைப் பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்க முடியாது. ஒட்டியபின் உள்ளே இருப்பதை மாற்றவும் முடியாது. இருவரும் அனுப்பிய பிறகே உறைகளைப் பிரிக்கிறார்கள். இரண்டையும் கூட்டி, 20-ஐத் தாண்டினால் 20-ஐக் கழித்தால் விடை. இருவரில் ஒருவர் ஒழுங்காகக் குலுக்கியிருந்தாலே விடை நேர்மையானது. மற்றவர் எவ்வளவு தந்திரம் செய்தாலும் பயனில்லை. நண்பர்கள் கூடும் ஆட்டத்துக்கு இவ்வளவு ஏற்பாடு அதிகம்தான். வழக்கமாக, எண்ணை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காட்டி, பதிவில் அழியாமல் வைப்பதே போதுமானதாக இருக்கிறது.

இருட்டை அனுப்பாதே

பகடையில் எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்க வேண்டும். வரைபடத்தில் நேர்மாறு: பார்க்கக் கூடாததைப் பார்க்கக் கூடாது. காகித வரைபடத்தில் கேம் மாஸ்டர் அட்டைத் துண்டுகளால் அறைகளை மூடி வைத்து ஒவ்வொன்றாக எடுப்பார். கணினி இதை ஒளியின் கணக்காகச் செய்கிறது. கதாபாத்திரம் நிற்கும் புள்ளியிலிருந்து ஒவ்வொரு சுவர் முனையை நோக்கியும் ஒரு கோடு. எந்தக் கோடு எந்தச் சுவரில் முதலில் முட்டுகிறதோ அங்கே பார்வை நிற்கிறது. முட்டிய புள்ளிகளைக் கோண வரிசையில் இணைத்தால் ஒரு பலகோணம் கிடைக்கும். அதற்குள் வெளிச்சம், வெளியே இருட்டு. கதாபாத்திரத்தை ஓரடி நகர்த்தினால் எல்லாக் கோடுகளும் மறுபடி பிறக்கும்; தூணுக்குப் பின்னால் பதுங்கிய திருடன் சட்டென்று தெரிவான்.

இங்கேயும் அழுகுணிக்கு ஓர் ஓட்டை உண்டு. முழு வரைபடத்தையும் ஆட்டக்காரரின் கணினிக்கு அனுப்பிவிட்டு மேலே கறுப்புத் திரை போட்டால், பிரவுசரின் உள்ளே எட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கு எல்லாம் வெளிச்சம்தான். ரகசியத்தை மறைத்து அனுப்புவதைவிட அனுப்பாமலே இருப்பது பத்திரம். ஆனால் அப்போது சர்வரே ஒவ்வொருவரின் பார்வையையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும், செலவு கூடும்.

மற்ற வேலைகளில் கணினிக்கு நிகரில்லை. யார் முறை அடுத்தது, யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்பதெல்லாம் அதற்கு வெறும் பட்டியல். 2014-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ‘சாதக நிலை’ என்று ஒரு விதி உண்டு: இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுத்துக்கொள். 20 விழும் வாய்ப்பு 5-இலிருந்து 9.75 சதவீதமாகும், சராசரி 10.5-இலிருந்து 13.8-க்கு ஏறும். கணினி இதை ஒரே அழுத்தில் முடித்துவிடும்.

கதை சொல்லும் இயந்திரம்

அப்படியானால் கேம் மாஸ்டரையே கணினியாக்கிவிடலாமா? பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் இந்த ஆட்டத்தைச் செயற்கை நுண்ணறிவுக்கான உரையாடல் சவாலாக முன்வைத்தார்கள். 2023-இல் ‘ஃபயர்பால்’ என்ற தரவுத்தொகுப்பு வந்தது. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நிஜமாக நடந்த ஏறத்தாழ 25,000 ஆட்ட அமர்வுகள், ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கு என்ன நிலை என்ற விவரத்தோடு அதில் இருக்கின்றன. அந்த விவரத்தைக் கொடுத்தால், உரை எழுதும் செயற்கை நுண்ணறிவான மொழி மாதிரி தரும் விவரிப்பு மேம்படுகிறது என்று அவர்கள் கண்டார்கள். கொடுக்காவிட்டால், செத்த பூதம் அடுத்த வரியில் எழுந்து பேசும்.

அதே ஆண்டு அவர்கள் உருவாக்கிய ‘கலிப்சோ’ கேம் மாஸ்டரின் நாற்காலியில் உட்காரவில்லை; பக்கத்தில் நிற்கும் உதவியாளாகவே வடிவமைக்கப்பட்டது. நீண்ட விவரத்தைச் சுருக்கித் தரும், யோசனை சொல்லும். எதை எடுப்பது என்பது மனிதர் கையில். இன்னொன்றும் உண்டு. மொழி மாதிரியிடம் “20 முகப் பகடை ஒன்று போடு” என்று கேட்டால், பகடை போட்டதுபோல ஓர் எண்ணை அது எழுதிக் காட்டும். எதுவும் உருண்டிருக்காது. பகடை வேண்டுமானால் தனியாக ஒரு நிரலைத்தான் கூப்பிட வேண்டும்.

கேம் மாஸ்டர்களிடம் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. மேசையில் ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தி அதற்குப் பின்னால் பகடை உருட்டுவார்கள். வெளியே என்ன சொல்கிறாரோ அதுதான் விழுந்த எண். இதை அப்படியே படியெடுத்து, கேம் மாஸ்டருக்கு மட்டும் தெரியும் பகடைக்கு மென்பொருள்களிலும் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். சாட்சிக்காக இத்தனை கணக்குப் போட்ட இயந்திரத்தில், சாட்சியில்லாத பகடைக்கும் ஓர் இடம்.

முதல்முறை ஆட வந்த ஒருவர், முதல் சண்டையிலேயே சாகும் கட்டத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். பூதத்தின் கோடரி ஓங்குகிறது. கேம் மாஸ்டர் மறைவில் பகடை போடுகிறார். திரையில் அவருக்கு மட்டும் 20 என்று ஒளிர்கிறது. ஒரு நொடி பார்க்கிறார். “கோடரி உன் தோளை உரசிக்கொண்டு கல்லில் இறங்குகிறது” என்கிறார். ஐந்து முகங்களும் மூச்சு விடுகின்றன. பகடையைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.