பிரிக்பீல்ட்ஸ் பகுதியும் ‘குவார்ட்டர்ஸ்’ என்னும் சொல்லும்

ஓர் ஊர்ப்பகுதியின் வரலாற்றை அறியக் கட்டடங்களும் ஆவணங்களும் துணைநிற்கின்றன. அவை மறைந்த பின்னும் எஞ்சி நிற்பவை, அங்கு வழங்கிய சொற்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் இதற்குத் தக்க சான்றாகும்.

1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்க, மரமும் அத்தாப்புமாக இருந்த கோலாலம்பூர் சிதைந்தது. மறு ஆண்டில் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப் பணித்தார். அச்செங்கல் அறுக்கப்பட்ட களமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் அது இரயில்வே ஊழியர் வாழும் பகுதியாயிற்று. யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் அங்குக் குடியேறினர். இரயில்வே, அரசாங்க ஊழியர்களுக்கென 1915ஆம் ஆண்டில் வரிசை வீடுகள் எழுந்தன. ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்பது அவற்றின் பெயர்.

‘குவார்ட்டர்ஸ்’ என்பதன் ஈற்றிலுள்ள ‘ஸ்’ ஆங்கிலத்தில் பன்மை விகுதி. தமிழிலோ அது பகுதியோடு ஒன்றிவிட்டது. ‘ஒரு குவார்ட்டர்ஸ்’ என்றே நாம் வழங்குகிறோம். மலாய்மொழியும் அச்சொல்லை ‘ஸ்’ நீங்காமலே ஏற்றுக்கொண்டது. ஆங்கில இலக்கணத்தைக் கொள்ளாமல், காதில் விழுந்த வடிவத்தையே இரு மொழிகளும் கொண்டன.

‘வீடு’ என்னும் சொல் நம்மிடம் இருக்க, இக்கடன்சொல் ஏன் தேவைப்பட்டது? பொருள் வேறுபாடே காரணம். வீடு உரிமை பற்றியது. குவார்ட்டர்ஸ் பணி பற்றியது. பணி ஓய்வோடு அதன் சாவியையும் திருப்பித் தரவேண்டும். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த இடமாயினும் அது குடும்பத்தின் சொத்தாவதில்லை. அவ்வேறுபாட்டை மக்கள் உணர்ந்திருந்தமையாலேயே இரு சொற்களும் அருகருகே நிலைத்தன.

பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று துன் சம்பந்தன் சாலை. 2010ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு ‘லிட்டில் இந்தியா’ என்னும் பெயரும் சூட்டப்பட்டது. அப்பத்தாண்டிலேயே அந்த வரிசை வீடுகளும் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோரிடம் வீட்டுப் பத்திரம் இல்லை. அவர்தம் வாழ்க்கைக்குச் சான்றாக நிற்பது அவர்கள் வழங்கிய பேச்சே.

ஆதலின் வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். குவார்ட்டர்ஸில் வாழ்ந்த மூத்தோர் உங்கள் குடும்பத்தில் இருப்பின், சந்துக்கும் கடைக்கும் திடலுக்கும் அவர்கள் வழங்கிய பெயர்களைக் கேட்டு, ஒலித்தவாறே எழுதிவையுங்கள். ‘பிழை’ எனத் திருத்த வேண்டா. அவ்வடிவத்தில்தான் வரலாறு இருக்கிறது.