பெட்டியடுக்கும் இயந்திரம்

தொழிற்சாலைப் பெட்டிகளைப் 'பலட்' எனப்படும் மரத்தட்டின்மீது நாள்முழுதும் கையால் அடுக்குவது முதுகை முறிக்கும் வேலை. அதனைச் செய்யும் முதல் இயந்திரத்தை அமெரிக்காவின் லாம்சன் நிறுவனம் 1948ஆம் ஆண்டில் நிறுவிற்று. பெட்டிகளை வரிசையாக்கி, வரிசைகளைப் படையாக்கி, படையைத் தட்டில் இறக்குவதே அதன் தொழில். கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, மூட்டுக்குமேல் மூட்டு வராதபடி படைகள் மாறிமாறி அமையும்.

உற்பத்தி வரிசையின் கடைசியில் நிற்கும் இவ்வியந்திரம் ஓய்ந்தால், முன்னுள்ளவை யாவும் தேங்கும். சுமை மீண்டும் தொழிலாளியின் முதுகுக்கே வரும். ஆகவே வேகத்தைவிட உறுதியே இதற்கு முதன்மையானது. சட்டகம் கனத்த உருக்காலானதாய் இருத்தல் வேண்டும். அது சிறிது நெளிந்தாலும் தூக்கியின் உருளைகள் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும். கிறீஸ் இடும் துவாரங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். எட்டாத துவாரத்துக்கு எவரும் கிறீஸ் இடார். வரைபடம் தீட்டுவோர் இதனை எளிதில் மறந்துவிடுவர்!

சங்கிலியே பெரும் தொல்லை. அது இழுபட்டு நீள்வதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் கண்ணிகளின் ஊசிகள் தேய்வதாலேயே நீள்கிறது. நூற்றுக்கு மூன்று பங்கு நீண்டதும் அதனை மாற்றுவது வழக்கம். தாமதித்தால் பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற நேரிடும்.