சிலாட் பேசும் படம்

ஜகார்த்தா நகரத்தில் பல மாடிகள் கொண்ட பாழடைந்த குடியிருப்பு ஒன்று. அதன் உச்சியில் வீற்றிருந்து போதைமருந்து வியாபாரம் நடத்துகிற தாமா என்னும் கொடியவன். அவனைப் பிடிப்பதற்காக விடியற்காலையில் உள்ளே நுழைந்து, நுழைந்த சிறிது நேரத்திற்குள் பெரும்பாலும் மடிந்துபோகிற இருபது பேர் கொண்ட போலீஸ் படை. அந்தப் படையில் எஞ்சி நின்று மாடி மாடியாகப் போராடி ஏறுகிற ராமா என்னும் இளைஞன். 2011-ஆம் ஆண்டின் 'தி ரெய்ட்' என்ற இந்தோனேஷியப் படத்தின் கதை அநேகமாக இவ்வளவுதான். பிரிந்துபோன தமையன் ஒருவன் பகைவர் கூட்டத்தில் இருக்கிறான் என்பதும், மேலதிகாரியின் உள்நோக்கம் வேறு என்பதும் இடையிடையே தலைகாட்டினாலும், அவை சண்டைக்குச் சண்டை மூச்சு வாங்கிக்கொள்ள விட்ட இடைவெளிகளாகவே தோன்றுகின்றன.

டொரண்டோ திரைப்பட விழாவின் நள்ளிரவுக் காட்சிப் பிரிவில் ரசிகர்களின் பரிசைப் பெற்ற இதே படத்துக்கு, அமெரிக்க விமரிசகர் ராஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரங்களில் ஒன்றை மாத்திரமே அளித்தார். பாத்திரங்களுக்கு உயிரில்லை என்ற அவருடைய ஆக்ஷேபம் நியாயமானதே. ஆயினும் அத்துடன் விசாரணையை முடித்துவிடுவது அந்தப் படத்துக்குச் செய்கிற அநியாயமாகும்.

வேல்ஸ் நாட்டிலிருந்து இந்தோனேஷியாவுக்கு வந்தவரும் இப்படத்தின் இயக்குநருமான காரெத் எவான்ஸ், அந்நாட்டின் பாரம்பரியச் சண்டைக் கலையான பென்சாக் சிலாட்டைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுக்கப் போன இடத்தில், தொலைபேசி நிறுவனமொன்றில் வண்டியோட்டிப் பிழைத்துவந்த ஈகோ உவைஸ் என்ற வாலிபனைக் கண்டு, அவனையே நாயகனாக்கி 2009-இல் 'மெரந்தாவ்' என்ற படத்தை எடுத்தார். அதற்குப் பின் சிறைச்சாலையையும் குற்றக் கும்பல்களையும் வைத்து விஸ்தாரமான கதையொன்றை அவர் எழுதினார். அதை எடுப்பதற்கு வேண்டிய பணம் கிட்டவில்லை. ஆகவே செலவைச் சுருக்கி, ஒரே கட்டடம், ஒரே நாள் என்று 'தி ரெய்ட்' படத்தை அமைத்துக்கொண்டார். கதையின் மெலிவுக்குப் பிரதானமான காரணம் கைப்பணத்தின் மெலிவு என்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால் சண்டையில் அந்தச் சிக்கனம் இல்லை. ஈகோ உவைஸும், படத்தில் 'மேட் டாக்' என்ற கொலைகாரனாக வரும் சிலாட் ஆசிரியர் யாயன் ருஹியானும் எவான்ஸுடன் அமர்ந்து, ஒவ்வோர் அடியையும் யோசித்து, படப்பிடிப்புக்கு முன்னரே வீடியோவில் ஒத்திகையாகப் பதிந்து பார்த்து அமைத்த சண்டைகள் அவை. முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பது, எதிரியின் கையை வளைத்து அவன் வேகத்தாலேயே அவனை வீழ்த்துவது, முழங்கையையும் முழங்காலையும் நெருக்கத்தில் பிரயோகிப்பது ஆகிய சிலாட்டின் லட்சணங்கள், மனிதர் நின்று திரும்ப இடமில்லாத குறுகிய தாழ்வாரங்களிலே அதிசயமாகப் பொருந்துகின்றன. அடிப்பவனும் அடிபடுபவனும் ஒருங்கே நம் கண்ணில் படும்படி காமிரா விலகி நின்று காட்டுவதால், எவன் எங்கே நிற்கிறான் என்ற குழப்பம் நமக்கு ஒரு கணமும் உண்டாவதில்லை. இன்றைய சண்டைப் படங்களில் இந்தத் தெளிவு அரிதாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். மேட் டாக் உருவத்தில் சிறியவன். ஜாகா என்ற படைத்தலைவனைத் துப்பாக்கி முனையில் ஓர் அறைக்குள் கொண்டுபோன பிறகு, அந்தத் துப்பாக்கியைத் தானே ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு சண்டைக்கு அழைக்கிறான். ஜாகாவாக நடிக்கும் ஜோ தஸ்லிம் மெய்யாகவே நாட்டின் ஜூடோ அணியில் விளையாடியவர். அவருடைய பிடிகளும் வீச்சுகளும் யாயனுடைய சிலாட்டோடு மோதும்போது, கொலையைத் தொழிலாக அல்லாமல் ஆனந்தமாகக் கொண்ட ஒருவனுடைய குணம், வசனகர்த்தா எழுதத் தவறியதெல்லாம் சேர்த்து, உடம்பின் வழியாகவே நமக்கு விளங்கிவிடுகிறது.

ராமாவின் பக்கத்தில் அத்தகைய விளக்கம் இல்லாதது பெருங்குறை. அவனோடு வந்த போலீஸ்காரர்கள் முகமும் பெயரும் மனத்தில் பதியுமுன்னரே இறந்துபோவதால், அவர்களுக்காக நாம் துக்கப்படவும் இயலவில்லை. இதைப் பரிகரிப்பதுபோல், முதலில் கைவிட்ட பெரிய கதையையே 2014-இல் எவான்ஸ் இரண்டாம் பாகமாக எடுத்தார். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும் அப்படத்தில் தகப்பன், மகன், துரோகம், சிறைவாசம் எல்லாம் உண்டு. இருந்தும் அதைப் பார்த்து வந்த பிறகு என் நினைவில் நிலைத்திருப்பது, முடிவில் ஒரு சமையற்கூடத்தில் நிகழும் நீண்ட சிலாட் சண்டைதான். நீளமான கதை வேறு, நெஞ்சைத் தொடும் கதை வேறு.

பென்சாக் சிலாட் மரபை யுனெஸ்கோ 2019-இல் மானுடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அக்கலையை அறிய விரும்பும் வாசகர்கள் முதற்பாகத்தையே முதலில் பார்க்கட்டும். ரத்தமும் கொடுமையும் மிகுந்த படமாதலால், குழந்தைகளை உடன் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.