முதல் ரோபோவுக்கு ஆயுதம் வேண்டாம், சக்கரம் போதும்

(எபிசோடில் பேசியதைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஆஃபீஸ் புலம்பல் கிடையாது. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. மெக்கானிக்கல், செகண்ட் இயர். "அண்ணா, நாலு பேர் காசு போட்டிருக்கோம். சண்டை ரோபோ கட்டணும், 40 நாள் இருக்கு. ட்ரம் ஸ்பின்னர் வைக்கலாமா, வெர்ட்டிகல் ஸ்பின்னர் வைக்கலாமா?"

தம்பி, நானும் தேர்ட் இயர்ல இதே கேள்வியைத்தான் கேட்டேன். கேள்வியே தப்புன்னு எனக்குப் புரிய ஒருத்தனோட விரல்ல ஆறு தையல் தேவைப்பட்டுச்சு. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

இதைப் பார்க்காதவங்களுக்காக: ரிமோட்ல ஓடுற ரெண்டு ரோபோவைப் பாலிகார்பனேட் கூண்டுக்குள்ள விடுவாங்க. ரெண்டு மூணு நிமிஷம். நகர முடியாம நின்னா பத்து வரை எண்ணுவாங்க, அதோட தோல்வி. ரெண்டுமே கடைசி வரை ஓடினா நடுவர்கள் பாயிண்ட் போடுவாங்க. டிவில வர்ற பேட்டில்பாட்ஸ்ல ஒரு ரோபோ 250 பவுண்டு, அதாவது 113 கிலோ. மும்பை ஐ.ஐ.டி. டெக்ஃபெஸ்ட்ல 60 கிலோ மோதுறதை நேர்ல பார்த்தா காது அடைச்சுப் போகும். ஆனா 454 கிராம்ல ஒரு வகுப்பு இருக்கு. உள்ளங்கையில தூக்கிட்டுப் போகலாம். முதல் ரோபோவுக்கு அதுதான் சரி. தோத்தா பர்ஸ் தாங்கும்.

சின்னதுன்னு இளக்காரமா நினைக்காதீங்க. 10 செ.மீ. நீளம், 80 கிராம் எடையுள்ள ஒரு எஃகுப் பட்டை நிமிஷத்துக்கு 10,000 சுத்து சுத்துதுன்னு வைங்க. அதன் முனை மணிக்குக் கிட்டத்தட்ட 190 கி.மீ. வேகத்துல போகுது. அதுக்குள்ள இருக்கிற ஆற்றல் 36 ஜூல். ஒரு ஸ்பின் பவுலர் மெதுவா தூக்கிப் போடுற கிரிக்கெட் பந்துல இருக்கிற அளவுதான். அவ்வளவுதானான்னு கேட்கலாம். பந்து உருண்டையா வந்து படும். இது ரெண்டு மி.மீ. பல்லுல மொத்தமும் இறங்கும். வேகத்தை ரெண்டு மடங்காக்கினா ஆற்றல் நாலு மடங்கு ஆகும். யூடியூப் பார்த்துட்டு எல்லாரும் ஸ்பின்னர்னு குதிக்கிறது இதனாலதான்.

ஆனா நம்ம பல்லு எதிராளிக்குக் கொடுக்கிற அதே அடி நம்ம ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் திரும்ப வரும். நியூட்டன் மூணாவது விதி எக்ஸாமோட முடியலை. அந்த அடியைத் தாங்குற ஃப்ரேமை முதல் முயற்சியிலேயே கட்டுறவங்க ரொம்பக் கம்மி. நான் அதுல ஒருத்தன் இல்லை.

எங்க ரோபோ 15 கிலோ. மூணு மாசத்துல பத்து வாரம் ட்ரம்முக்கே போச்சு. லேத் பட்டறைக்கு அலைஞ்சோம், பல்லை மூணு தடவை மாத்தினோம். சக்கரத்துக்கு வயரிங் பண்ணது போட்டிக்கு முந்தின ராத்திரி, ஹாஸ்டல் வராந்தாவுல. ட்ரம் மோட்டாருக்கு ரிலே, ரிமோட்ல ஒரு ஸ்விட்ச். மதியம் டெஸ்ட் பண்ணிட்டு அந்த ஸ்விட்ச்சை ஆன்லயே விட்டிருந்தேன். நான்தான். நண்பன் பேட்டரி கனெக்டரைச் சொருகினான். ட்ரம் சுத்துச்சு. அவன் இடது கை அதுக்குப் பக்கத்துல இருந்துச்சு.

இன்னைக்கும் அவன் ஃபோன்ல டைப் பண்ணும்போது அந்த விரல் முழுசா மடங்காது. அவன் அதைச் சொல்லிக் காட்டுறதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கும்.

மறுநாள் அவன் கட்டோட வந்து நின்னான், நாங்க கூண்டுக்குள்ள இறங்கினோம். எதிராளி ஒரு முட்டு முட்டினான். சக்கரத்துக்குப் போற கனெக்டர் கழண்டுடுச்சு. ட்ரம் மட்டும் ஜோரா சுத்திக்கிட்டு இருந்துச்சு, ரோபோ நின்ன இடத்துலயே. பத்து எண்ணிட்டாங்க. மூணு மாசம், அரை நிமிஷம்.

அதனால தம்பி, என் பதில்: ஆயுதமே வைக்காதீங்க. முன்னாடி ஒரு சரிவுப் பலகை, அதாவது வெட்ஜ். அவ்வளவுதான். கேவலமா இருக்குன்னு நினைச்சா ஒரு தகவல். இப்படி ஒரு போட்டியை 1994ல சான் ஃபிரான்சிஸ்கோவுல மார்க் தோர்ப் நடத்தினாரு. அடுத்த வருஷமே லா மெஷின்னு ஒரு ரோபோ வந்துச்சு. வேகமா ஓடுற ஒரு சரிவுப் பலகை, வேற ஒண்ணும் இல்லை. எதிராளிக்கு அடியில புகுந்து தூக்கித் தள்ளிக்கிட்டே போச்சு. அதோட ஆளுங்க ட்ரே ராஸ்கியும் கிரெக் மன்சனும்தான் பிறகு பேட்டில்பாட்ஸை ஆரம்பிச்சாங்க.

இப்போ கட்டுறதுக்கு வருவோம். 454 கிராமைக் குடும்ப பட்ஜெட் மாதிரி பிரிச்சு எழுதுங்க. விரல் நுனி அளவுல இருக்கிற என்20 கியர் மோட்டார் நாலு, ஒண்ணு 10 கிராம். சக்கரம் நாலுக்கும் சேர்த்து 40. மூணு செல் லிப்போ பேட்டரி 45 பக்கம். மோட்டாரை ஓட்டுற ஈ.எஸ்.சி., ரிசீவர், ஸ்விட்ச், வயர் எல்லாம் ஒரு 40. கூட்டினா 165. மிச்சம் கிட்டத்தட்ட 290 கிராம் உடம்புக்கும் பலகைக்கும். இதுலயே ஸ்பின்னர் வைக்கணும்னா அந்த 290ல இருந்துதான் வெட்டணும். கவசம் அங்கேயே காணாமப் போயிடும்.

உடம்புக்கு சமையலறையில காய் நறுக்குற வெள்ளை பிளாஸ்டிக் பலகை இருக்கே, அது போதும். பெரும்பாலும் ஹெச்.டி.பி.ஈ. தான். அடிச்சா உடையாது, பள்ளம் விழும். ரம்பத்துல அறுக்கலாம், ஸ்க்ரூ நேரா இறங்கும். அக்ரிலிக் வாங்கிடாதீங்க. ஷோகேஸ்ல அழகா இருக்கும், முதல் அடியில சில்லு சில்லா போகும். பலகையோட முன் விளிம்பு தரையைத் தொடணும். கீல் வச்சு, தன் எடையிலேயே தரையில படுத்துக்கிற மாதிரி விட்டா இன்னும் நல்லது. சக்கரம் உடம்பைவிட உயரமா இருந்தா, கவுந்தாலும் தலைகீழா ஓடும். 50 மி.மீ. சக்கரம், 500 ஆர்.பி.எம். மோட்டார்னா விநாடிக்கு 1.3 மீட்டர். எட்டடி அரங்கை ரெண்டு விநாடில கடக்கலாம். புதுசா ஓட்டுறவங்களுக்கு அதுவே கையில நிக்காது.

என்20ல கியர்தான் பலவீனம். ரெண்டு மோட்டார் எக்ஸ்ட்ரா வச்சுக்கோங்க. நட்டு எல்லாம் உள்ளே நைலான் வளையம் இருக்கிற நைலாக் நட்டா பார்த்து வாங்குங்க, சாதா நட்டு அதிர்வுல தானா கழண்டு வரும். சென்னைல இருக்கிறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு மதியம் சுத்தினா எலக்ட்ரானிக்ஸ் சாமான் முக்கால்வாசி முடிஞ்சிடும்.

வயரிங் முடிஞ்சதும் ஒரு டெஸ்ட். சக்கரத்தை ஓட விட்டுக்கிட்டே ரோபோவைக் கையில எடுத்து, சாமியாடுற மாதிரி உலுக்குங்க. ஒரு தடவைகூட சக்கரம் விக்கக் கூடாது. விக்கினா சால்டரிங்கைப் பாருங்க, கனெக்டரை டேப் போட்டுக் கட்டுங்க. நாங்க இந்த ஒரு நிமிஷ வேலையைச் செஞ்சிருந்தா அந்த மேட்ச் அப்படி முடிஞ்சிருக்காது.

அடுத்தது இன்னும் முக்கியம். ரோபோவை ஒரு டப்பா மேல வச்சு, சக்கரம் அந்தரத்துல சுத்துறப்போ ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க. சக்கரம் உடனே நிக்கணும். இதுக்குப் பேர் ஃபெயில்சேஃப். சில ரிசீவர்கள் சிக்னல் போனாலும் கடைசியா வந்த கட்டளையைப் பிடிச்சுக்கிட்டே ஓடும். அதை செட்டிங்ல மாத்தணும். ஆன் பண்ணும்போது எல்லா ஸ்விட்ச்சும் ஆஃப்ல இருக்கான்னு பார்த்துட்டு முதல்ல ரிமோட், அப்புறம் ரோபோ. ஆஃப் பண்ணும்போது முதல்ல ரோபோ, அப்புறம் ரிமோட். நாளைக்கு ஆயுதம் வச்சீங்கன்னா அதை அசையவிடாம பிடிக்கிற ஒரு பின் கூண்டுக்குள்ள போற வரைக்கும் சொருகியே இருக்கணும். 20 ரூபா கம்பி. எங்ககிட்ட அது இல்லை.

லிப்போ பேட்டரி பத்தி. ஒரு செல் 4.2 வோல்ட் தாண்டக் கூடாது, 3.2க்குக் கீழ இறங்கக் கூடாது, சும்மா வைக்கிறதுன்னா 3.8. பேலன்ஸ் சார்ஜர்லதான் ஏத்தணும், 450 எம்.ஏ.ஹெச். பேட்டரின்னா 0.45 ஆம்பியர். சார்ஜ்ல போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போகாதீங்க, மெத்தை மேல வைக்காதீங்க. பக்கத்துல ஒரு வாளி மணல் இருக்கட்டும். உப்பின பேட்டரி, குத்துப்பட்ட பேட்டரி ரெண்டுக்கும் மறுவாழ்வு கிடையாது. போட்டிக்கு ஃப்ளைட்ல போறீங்கன்னா பேட்டரியை செக்-இன் பையில போடக் கூடாது, முனைக்கு டேப் ஒட்டிக் கைப்பையில கொண்டு போகணும்.

40 நாளை எப்படிப் பிரிக்கிறது? பத்து நாள்ல ஓடுற வண்டி கையில இருக்கணும். மிச்ச முப்பது நாளும் ஓட்டிப் பழகுங்க. பெரும்பாலான போட்டியில நடுவர்கள் சேதத்தை மட்டும் பார்க்கிறதில்லை, யார் துணிஞ்சு மோதினாங்க, யார் கட்டுப்பாட்டுல வச்சிருந்தாங்கன்னும் பார்ப்பாங்க. மொட்டை மாடியில ரெண்டு செங்கல் வச்சு, அதைச் சுத்தி எட்டு போடுங்க. ரோபோ நம்மைப் பார்த்து வரும்போது இடது வலது மாறும், அங்கேதான் எல்லாரும் சொதப்புவாங்க.

தம்பி, செங்கல்லைத் தொடாம பத்து தடவை எட்டு போட்ட வீடியோவை அனுப்புங்க. ட்ரம்மா வெர்ட்டிகலான்னு அன்னைக்குப் பேசுவோம். அந்த எபிசோடுக்கு அந்த நண்பனையும் கூப்பிடுறேன், வர்றேன்னு சொல்லியிருக்கான்.