ஆபரேஷனுக்கு முதுகு திறந்த கவுன் எதற்கு? போர்வை கேட்டால் தப்பா?

ஆவடி,

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் ஒரு வீட்டில் ஆபரேஷன் என்றால் முதலில் பணத்தை பற்றி பேச்சு வரும். அடுத்து, துணைக்கு யார் இருப்பது என்ற பேச்சு வரும். மூன்றாவதாக ஒரு கவலை உண்டு. அதை மட்டும் யாரும் வாய்விட்டு சொல்ல மாட்டார்கள். 'எல்லா துணியையும் கழட்ட சொல்வாங்களாமே' என்பதுதான் அந்த கவலை.

மூலம், குடலிறக்கம், விரை வீக்கம், கர்ப்பப்பை கட்டி என்று மறைவிடத்தில் வரும் நோய்களுக்கு இந்த கூச்சத்தாலேயே ஆபரேஷனை தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் மட்டும் அல்ல, ஆண்களும்தான். குடலிறக்கத்தை அப்படியே விட்டால் திடீரென்று குடல் சிக்கி, ரத்த ஓட்டம் நின்று உயிருக்கே ஆபத்தாகி விடும். கூச்சத்துக்கு கொடுக்கும் விலை சில நேரம் அவ்வளவு பெரியது.

தியேட்டருக்கு போகும் முன் உடையை ஏன் மாற்ற சொல்கிறார்கள்? அதில் எது அவசியம், எது அவசியம் இல்லை? விவரம் வருமாறு:-

முதுகு ஏன் திறந்து இருக்கிறது?

வெளியில் இருந்து போட்டு வரும் துணியில் தூசியும் கிருமியும் இருக்கும். அதனால் துவைத்து சுத்தம் செய்த ஆஸ்பத்திரி கவுனை கொடுக்கிறார்கள்.

அதில் முதுகு பக்கம் நாடா கட்டி இருப்பதற்கும் காரணம் உண்டு. இடுப்புக்கு கீழே மரத்துப்போக முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள். அதற்கு முதுகு தெரிய வேண்டும். இதய துடிப்பை பார்க்க நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மயக்கத்தில் இருப்பவரை புரட்டாமல், தூக்காமல் உடையை எடுக்க வேண்டும். அவசரம் என்றால் ஒரு நொடியில் விலக்க வேண்டும். தலை வழியாக மாட்டும் நைட்டியில் இதெல்லாம் முடியாது.

நகை, நகபாலீஷ் எதற்கு?

இப்போது பல ஆபரேஷன்களில் ரத்தத்தை நிறுத்த மின்சார கத்தியை பயன்படுத்துகிறார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தீக்காயம் ஏற்படும் அபாயம் உண்டு. தாலி, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்ற சொல்வது இதற்காகத்தான். விரலை விட்டு வராத மோதிரம் என்றால் முன்கூட்டியே நர்சிடம் சொல்லிவிட வேண்டும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை காட்டும் கிளிப்பை விரல் நுனியில் மாட்டுவார்கள். நகபாலீஷ் இருந்தால் அளவு தப்பாக காட்டலாம். பல்செட் மயக்கத்தில் கழன்று தொண்டையில் சிக்கலாம். அதனால் அதையும் எடுக்க வேண்டும்.

உள்ளாடையும் கழற்ற வேண்டுமா?

இங்குதான் விஷயமே இருக்கிறது. வயிறு, இடுப்பு, தொடை பகுதியில் ஆபரேஷன் என்றாலும், சிறுநீர் குழாய் போட வேண்டும் என்றாலும் உள்ளாடை இருக்க முடியாது. கிருமிநாசினி மருந்து வழிந்து துணியில் ஊறினால் தோல் புண்ணாகும்.

ஆனால் கண்புரை ஆபரேஷனுக்கோ, கை விரலில் ஆபரேஷனுக்கோ இடுப்புக்கு கீழே கழற்ற வேண்டிய தேவை பொதுவாக இல்லை. 'எல்லாருக்கும் ஒரே ரூல்' என்பது வேலை செய்கிறவர்களுக்கு வசதி. நோயாளிக்கு அது மருத்துவ தேவையா என்பது வேறு கேள்வி. அந்த கேள்வியை டாக்டரிடம் தாராளமாக கேட்கலாம்.

இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிப்பதை தடுக்க 2008-ல் விதிமுறை வெளியிட்டது. அந்தந்த ஆபரேஷனுக்கு பொருத்தமான உடை கொடுக்க வேண்டும், நோயாளியின் வசதியையும் மானத்தையும் சேர்த்து பார்க்க வேண்டும் என்று அதிலேயே சொல்லப்பட்டு இருக்கிறது.

சவரம் கட்டாயம் இல்லை

முதல் நாள் ராத்திரியே பிளேடு போட்டு முடியை மழிப்பது பழைய வழக்கம். நோயாளிகள் அதிகம் கூனிக்குறுகுவது இந்த இடத்தில்தான். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் இதற்கு எதிராக தெளிவாக சொல்லிவிட்டது. முடியை எடுக்காமல் விடுவதே நல்லது. கட்டாயம் எடுக்க வேண்டும் என்றால் கிளிப்பர் மெஷினால் மட்டும் எடுக்க வேண்டும், பிளேடு கூடவே கூடாது. பிளேடு கீறலில் கிருமி நுழைந்து விடும் என்பதே காரணம்.

போர்வையும் மருந்துதான்

தியேட்டரில் ஏ.சி. குளிர் அதிகம். மயக்க மருந்து கொடுத்ததும் உடம்பு சூட்டை தானாக காப்பாற்றிக்கொள்ளும் சக்தி குறையும். உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியசுக்கு கீழே போனால் ரத்தப்போக்கு கூடும், புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும்.

ஆகவே வார்டில் இருந்து ஸ்ட்ரெச்சரில் போகும்போதும், தியேட்டர் வாசலில் காத்திருக்கும்போதும் போர்வையால் மூடி வைப்பது நோயாளிக்கு காட்டும் சலுகை இல்லை. அதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதி. ஆபரேஷன் தொடங்கியதும் வெட்டும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களை சுத்தமான துணியால் மூடிவிடுவார்கள். கூச்சம் வருவது பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தில்தான். அந்த நேரத்தில் ஒரு போர்வைக்கும் ஒரு திரைக்கும் பெரிய செலவு ஆகாது.

பீகாரில் நடந்தது

மானத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2012 ஜனவரியில் பீகார் மாநிலம் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 53 பெண்களுக்கு 2 மணி நேரத்தில் குடும்ப கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். டார்ச் லைட் வெளிச்சத்தில், பள்ளி மேஜை மீது படுக்க வைத்து இது நடந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. இப்படிப்பட்ட முகாம்களை 3 ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016 செப்டம்பரில் கோர்ட்டு உத்தரவிட்டது.

தமிழ்நாடு ஒரு விஷயத்தில் முன்னால் நிற்கிறது. அரசு ஆஸ்பத்திரி பிரசவ அறையில் உறவுக்கார பெண் ஒருவர் உடன் இருக்கலாம் என்ற திட்டம் 2004-லேயே இங்கு வந்துவிட்டது.

உடையிலேயே மாற்றம் செய்த ஊர்களும் உண்டு. இங்கிலாந்தின் பிரஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் 2006-ல் உடம்பு முழுவதும் மூடும் கவுனை கொண்டு வந்தார்கள். முஸ்லிம் பெண்களை மனதில் வைத்து தைத்த அதை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்றார்கள்.

உரிமை என்ன?

தேசிய மனித உரிமை ஆணையம் நோயாளிகளுக்கான உரிமை பட்டியலை தயாரித்தது. மத்திய சுகாதாரத்துறை 2019-ல் அதை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. நோயாளியின் மானம், அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பது அதில் ஒன்று. பெண் நோயாளியை ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

நோயாளி யார் என்று அடையாளம் தெரியும் விதத்தில் போட்டோவை அனுமதி இல்லாமல் வெளியிடக்கூடாது என்று 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுங்கு விதியிலேயே சொல்லப்பட்டு இருக்கிறது.

என்ன கேட்கலாம்?

ஆவடி அரசு ஆஸ்பத்திரியாக இருந்தாலும், அயனாவரம் இ.எஸ்.ஐ., கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியாக இருந்தாலும், தனியார் நர்சிங் ஹோமாக இருந்தாலும் முதல் நாளே நர்சிடமோ டாக்டரிடமோ இவற்றை கேட்டு வைக்கலாம்:-

* எந்த உடையை கழற்ற வேண்டும், எதை கழற்ற வேண்டாம்?

* முடி எடுக்கத்தான் வேண்டுமா? கிளிப்பர் இருக்கிறதா?

* தியேட்டர் வாசல் வரை போர்வை கொடுப்பீர்களா?

* சிறுநீர் குழாய் போட பெண்ணுக்கு பெண் நர்சு, ஆணுக்கு ஆண் ஊழியர் கிடைப்பார்களா?

* மாணவர்கள் பார்ப்பார்களா? பார்ப்பதென்றால் முன்கூட்டி சொல்வீர்களா?

உயிருக்கு போராடும் அவசரத்தில் இது எல்லாவற்றுக்கும் நேரம் இருக்காது. அப்போது டாக்டரை வேலை செய்ய விட வேண்டும். நாள் குறித்து செய்யும் ஆபரேஷனில் கேட்பதற்கு நேரம் இருக்கிறது.

கேட்டும் யாரும் காது கொடுக்கவில்லை என்றால் அரசு மருத்துவ கல்லூரி ஆஸ்பத்திரிகளில் நிலைய மருத்துவ அதிகாரியிடம் எழுதி கொடுக்கலாம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குனரிடம் புகார் செய்யலாம். 104 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். 'சிஸ்டர், ஒரு போர்வை குடுங்க' என்று கேட்பதற்கு யாரும் கூச்சப்பட தேவை இல்லை.