பரண் ஏறிய டி.வி.க்குப் புது வேலை!

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ண டெலிவிஷன் திட்டத்தைத் தொடங்கியபோது அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 2007-ல். 2011-ல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வந்தது. இரண்டையும் பெற்ற வீடுகள் இங்கே உண்டு.

இன்று தட்டைத்திரை வந்துவிட்டது. பழைய பெட்டி பரண் ஏறிவிட்டது. அடுத்து காயலான் கடைதான்!

அவசரம் வேண்டாம். 1978-ல் ஜப்பானில் பிறந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980-ல் வந்த ‘பேக்-மேன்’ முதலிய விளையாட்டுகள் படக்குழாய்க்காகவே உருவானவை. தட்டைத்திரையில் அவை கட்டம் கட்டமாகத் தெரியும். படக்குழாயிலோ புள்ளிகள் குழைந்து ஒளிரும்.

அந்தக் கால விளையாட்டு எந்திரத்தைப் போலவே கணினியை இயங்கச் செய்ய, 1997-ல் தோன்றிய ‘மேம்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

இணைப்பது எப்படி? ‘எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி.’ கன்வெர்ட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். ‘ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ.’ என்பது வேறு, அது உதவாது. மஞ்சள் வயர் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. டி.வி.யில் ஒலிக்கு ஒரே துளை என்றால் வெள்ளை போதும். கன்வெர்ட்டரில் விசை இருந்தால், நம் நாட்டு முறையான ‘பால்’ பக்கம் தள்ளவேண்டும். பிறகு டி.வி.யை ஏ.வி.க்கு மாற்றினால் படம் வந்துவிடும்.

எழுத்துகள் மங்கலாகத்தான் இருக்கும். கடிதம் படிக்க முடியாது. விளையாடத் தாராளமாகப் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெட்டியின் பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே உலை வைக்கும்!

எடைக்குப் போட்டால் சில்லறைதான் கிடைக்கும். ஓடுகிற பெட்டியாக இருந்தால் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஆயிற்று!